பொருள்: கையெழுத்து தொடர்பாக

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் படிப்பகத்துக்கு வரும் தங்கை ஒருத்தி செல்போனை நீட்டி, 'அண்ணே, இதக் கொஞ்சம் பாருங்க, சார் பதிலே போடமாட்டேங்குறாரு' என்றாள். முதுகலை வேதியியல் இரண்டாமாண்டு. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். துறைத் தலைவருக்கு மெயில் அனுப்பியிருக்கிறாள். பொருள் எழுத வேண்டிய இடம் காலி. அய்யாவின் பொன்னான நேரத்தைக் கெடுப்பதற்கு மன்னிப்புக் கேட்டு இங்கிலீஷில் தொடங்குகிறது. அப்பாவுக்குக் காலில் அடிபட்டது, அம்மா சித்தாள் வேலைக்குப் போவது, மறுபடி ஒரு மன்னிப்பு. உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்து வேண்டும், வருகிற வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்கிற விசயம் பதினாலாவது வரியில் கிடக்கிறது. முடிவில் 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி'. பெயர் இருக்கிறது, பதிவு எண் இல்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அய்ந்தாம் வகுப்பில் லீவு லெட்டர் எழுதச் சொல்லிக் கொடுத்த அன்றைக்கே 'பணிவுடன்' என்பதையும் 'கீழ்ப்படிதலுள்ள' என்பதையும் நம் கையில் ஏற்றிவிட்டார்கள். வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற நான் தினமும் பார்க்கிறேன், தன் கணக்கில் கிடக்கும் தன் பணத்தைக் கேட்கிறவரே 'தயவுகூர்ந்து' என்று எழுதுகிறார். (கோடிக்கணக்கில் பாக்கி வைத்திருப்பவர்களின் கடிதங்களில் இந்தச் சொல்லை நான் கண்டதில்லை.) துறைத் தலைவர் போட வேண்டிய கையெழுத்து அவருடைய வேலை. அதை வாங்க அப்பாவின் காலைக் காட்ட வேண்டும் என்று இந்தப் பெண்ணுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்திருக்கிறது, அதுதான் சாதி.

மெயிலில் மரியாதை பார்ப்பதெல்லாம் மேட்டுக்குடிப் பழக்கம் என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். நான் ஒப்பவில்லை. ராத்திரி பதினொன்றரைக்கு 'ஹாய் சார், மார்க் என்னாச்சு' என்று அனுப்புவது கலகம் அல்ல. அது கவனக்குறைவு, நட்டம் நமக்குத்தான். படித்த வீட்டுப் பிள்ளைக்கு நாலு வரியில் எப்படிக் கேட்பது என்பது சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடுகிறது. நமக்கு அந்தப் பாடத்தை எந்த வகுப்பிலும் நடத்துவதில்லை. நடத்தாத பாடத்தில்தான் மதிப்பெண் குறைக்கிறார்கள்.

பாபாசாகேப் 1922 பிப்ரவரியில் லண்டனிலிருந்து கொலம்பியாவின் பேராசிரியர் செலிக்மனுக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. 'அன்புள்ள பேராசிரியர்' என்று விளித்துவிட்டு எடுத்த எடுப்பில் விசயத்துக்கு வருகிறார்: 1917இல் நாடு திரும்பியபோது கப்பல் தாக்கப்பட்டு ஆய்வேட்டின் கையெழுத்துப் பிரதி போய்விட்டது, புதிதாக ஒன்று எழுதியிருக்கிறேன். அவ்வளவுதான். எத்தனை பெரிய இழப்பு, எவ்வளவு சின்ன வாக்கியம்! 1925இல் வந்த அவருடைய மாகாண நிதி பற்றிய நூலுக்கு முன்னுரை எழுதியவர் அதே செலிக்மன். ஆசிரியரை மதிப்பது வேறு, அவர் முன்னால் குனிவது வேறு.

இன்னொன்றும் இருக்கிறது. 'நாளைக்கு வா' என்று வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. மெயில் அப்படியில்லை, தேதியும் நேரமும் அதிலேயே நிற்கும். எங்கள் பாசையில் சொன்னால் அது வவுச்சர். பின்னால் மேலே எழுத வேண்டி வந்தால் அதைத்தான் இணைக்க வேண்டும். அதனால்தான் சுருக்கமாக, தெளிவாக, கோபத்தை ஒரு ராத்திரி ஆறவிட்டு எழுதச் சொல்கிறேன்.

உட்கார்ந்து திருத்தினோம். பொருள்: உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்து, கடைசி நாள் வெள்ளி. 'அய்யா, வணக்கம். நான் முதுகலை வேதியியல் இரண்டாமாண்டு மாணவி. இணைத்துள்ள படிவத்தில் துறைத் தலைவரின் கையெழுத்து தேவை. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். திங்கள் அல்லது செவ்வாய் எந்த நேரத்தில் வரலாம்? நன்றி.' கீழே பெயர், பதிவு எண், போன் நம்பர். அதை அப்படியே அவளே இங்கிலீஷில் மாற்றினாள். அனுப்பும்போது விரல் தயங்கியது. 'அண்ணே, ரொம்ப நிமிர்ந்து நிக்குற மாதிரி இருக்கே, சார் கோவிச்சுக்கமாட்டாரா?'

திங்கள் காலை ஒரே வரியில் பதில் வந்தது, பதினொரு மணிக்கு வரச் சொல்லி. கையெழுத்துப் போட்டுக்கொண்டே, 'யாரு எழுதிக் குடுத்தா?' என்று கேட்டாராம். 'நான்தான் சார்' என்றிருக்கிறாள்.

அடுத்த சனிக்கிழமை படிப்பகத்தில் இன்னும் ஆறு பேர் செல்போனோடு உட்கார்ந்திருந்தார்கள்.