காலத்தை நீட்டுவோர் கையையும் நீட்டுக!

திறமூல மென்பொருளாம் லினக்ஸ் கெர்னலின் புதுப் பதிப்பு ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒருமுறை வெளிவருகிறது. அவ்வளவு விரைந்து மாறவியலாதோர்க்காக, ஆண்டுக்கொரு பதிப்பைத் தேர்ந்து, பழுதுநீக்கி, நெடுநாள் காத்து வருகின்றனர்.

ஈராண்டாயிருந்த அக்காப்பு 2017இல் ஆறாண்டாக நீட்டப்பட்டது. பயன்பெற்றோர் எண்ணிலர், சுமந்தோரோ மிகச் சிலர்! 2023இல், மீண்டும் ஈராண்டே என்ற அறிவிப்பு வந்தது. பழம்பதிப்புகளை நாடுவோர் குறைந்தனர், பராமரிப்போர் களைத்தனர்.

இதில் குற்றம் யாருடையது? வாக்களித்தவருடையதா? வாங்கிக்கொண்டு வாளாவிருந்தவருடையதா? வெளியீட்டுக்கு நாள் குறித்தல் எளிது. இறுதிநாள் வரை ஆள் நிறுத்துவதன்றோ திட்டம்! மென்பொருள் இலவசமெனில் உழைப்புமா இலவசம்? ஊர்கூடி இழுக்கவேண்டிய தேரை நால்வர் தோளில் ஏற்றுதல் நீதியாகுமா?

அம்மென்பொருளால் பொருளீட்டும் நிறுவனங்கள் ஆளும் ஊதியமும் அளிக்கட்டும். காலத்தை நீட்டக் கேட்போர், கையையும் நீட்டட்டும்!