பந்து சோறு போடுமா?

கடலூர் மாவட்டத்தில் பள்ளி முடிந்த பிறகும் மைதானத்தில் நின்று பந்து உதைக்கும் ஒரு மாணவியின் வீட்டில், பத்தாம் வகுப்பு நெருங்கும்போது ஒரு கேள்வி எழும்: ‘பந்து சோறு போடுமா?’ விளையாட்டை நேசிப்பவர்கள் இந்தக் கேள்வியைப் பழமைவாதம் என்று தள்ளிவிடுவது வழக்கம். அது சரியல்ல. கூலி வேலைக்குப் போய்வந்து மகளைப் படிக்கவைக்கும் தாய் கேட்கும் மிக நியாயமான கேள்வி அது. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை அரசுக்கும் கால்பந்துச் சங்கங்களுக்கும் இருக்கிறது. இதுவரை அவர்கள் தந்திருப்பது அரைப் பதில்தான்.

ஓராண்டு இடைவெளியில் பிறந்த இரண்டு வீராங்கனைகளின் வாழ்க்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த அரைப் பதிலின் குறை விளங்கும். ஒருவர் 1994இல் பிறந்த கடலூர் இந்துமதி கதிரேசன். மற்றவர் 1995இல் நார்வேயில் பிறந்த அடா ஹெகர்பெர்க்.

காக்கிச் சட்டை தந்த பாதுகாப்பு

2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது தமிழகத்தில் நாகப்பட்டினத்துக்கு அடுத்தபடியாகப் பேரிழப்பைச் சந்தித்த கடலோரங்களில் கடலூரும் ஒன்று. அந்தத் துயரத்துக்குப் பிறகான ஆண்டுகளில், பயிற்சியாளர் மாரியப்பன் கடலூரில் பெண் பிள்ளைகளைத் திரட்டிக் கால்பந்து கற்றுக்கொடுத்தார். இந்திரா காந்தி பெயரிலான அவருடைய பயிற்சியகத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மீனவர், கூலித் தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள். மாநில அணிக்கும் தேசிய அணிக்கும் அங்கிருந்து வீராங்கனைகள் போனார்கள். இந்திய அணியின் நடுக்கள ஆட்டக்காரர் இந்துமதி, கடலூர் மண் தந்தவர். இந்தியாவுக்காக ஆடிய முன்கள வீராங்கனை சந்தியா ரங்கநாதன் பண்ருட்டிக்காரர்.

இவர்கள் காலத்தில் தமிழக மகளிர் கால்பந்து அடைந்த உயரம் சாதாரணமானதல்ல. 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசிய சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தில், அந்தக் கோப்பையைப் பல ஆண்டுகள் தன்வசம் வைத்திருந்த மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தித் தமிழ்நாடு முதன்முறையாகப் பட்டம் வென்றது. 2019இல் மதுரையின் சேது எஃப்சி இந்திய மகளிர் லீக்கை வென்றது. 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று தமிழ்நாடு இரண்டாம் முறை தேசியப் பட்டத்தைப் பெற்றது. இந்துமதி 2016இலும் 2019இலும் தெற்காசியக் கோப்பை வென்ற இந்திய அணிகளில் ஆடியவர். 2022இல் இந்தியா நடத்திய ஆசியக் கோப்பைக்கான அணியிலும் இருந்தார். அந்தத் தொடரில் ஈரானுடன் ஓர் ஆட்டம் மட்டும் ஆடிய நிலையில், கரோனா தொற்றால் அடுத்த ஆட்டத்துக்குப் போதிய வீராங்கனைகளை இறக்க முடியாமல் இந்தியா வெளியேற நேர்ந்தது.

இவ்வளவுக்கும் நடுவில் இந்துமதிக்கு மாதச் சம்பளம் கொடுத்தது எது? தமிழகக் காவல் துறை. அவர் உதவி ஆய்வாளர். 2020 பொதுமுடக்கத்தின்போது நாட்டின் மைதானங்கள் பூட்டிக் கிடக்க, அவர் சென்னையில் சீருடை அணிந்து ஊரடங்குப் பணியில் நின்றார். செய்தித்தாள்கள் அதைப் பெருமையோடு எழுதின. அந்தப் பெருமைக்கு அவர் முழுத் தகுதி உடையவர்.

காவலர், உதவி ஆய்வாளர் தேர்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று தமிழகம் ஒதுக்கும் 10 விழுக்காடு இடங்கள், எத்தனையோ ஏழைக் குடும்பங்களின் தலையெழுத்தை மாற்றியிருக்கின்றன. அதைக் குறைத்துப் பேசுவது நன்றி மறப்பது. ஆனால், அந்த வேலை சாதித்த பிறகு கிடைக்கிற பரிசு. சாதிப்பதற்கு முன்னால், பதினான்கு வயதிலிருந்து இருபத்திரண்டு வயதுவரை, ஒரு பெண்ணுக்குக் கையில் எதுவும் இல்லை. சத்தான சாப்பாட்டுக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் பூட்ஸுக்கும் வழி தேட வேண்டிய ஆண்டுகள் அவை. முழங்கால் தசைநார் அறுந்தால் அறுவை சிகிச்சைக்கு யாரிடம் போவது என்று தெரியாத ஆண்டுகளும் அவையே. திறமைசாலிகளை நாம் இழப்பது பெரும்பாலும் அங்கேதான்.

அலுமினிய ஊரிலிருந்து ஒரு பெண்

அடா ஹெகர்பெர்க் வளர்ந்த சுண்டால்சோரா, நார்வேயின் மேற்கில், மலைகளுக்கு இடையே கடல் உள்புகுந்த இடத்தில் இருக்கும் சிற்றூர். மக்கள்தொகை நாலாயிரம் அளவில்தான். 1954 முதல் இயங்கும் அலுமினிய ஆலைதான் ஊரின் அடையாளம். கடலூர் மாவட்டத்து விருத்தாசலத்தின் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத அந்தத் தொழில் ஊரிலிருந்து கிளம்பிய பெண், 2018 டிசம்பரில் பாரிஸில், பெண்களுக்கென்று முதன்முறையாக வழங்கப்பட்ட பாலோன் தோர் விருதைப் பெற்றார். மேடையில் இருந்த இசைக் கலைஞர் அவரிடம் இடுப்பை ஆட்டி ஆடத் தெரியுமா என்று கேட்டதும், அவர் ‘இல்லை’ என்று திரும்பிக்கொண்டதும் உலகம் பார்த்த காட்சி.

அவருடைய தாயும் தந்தையும் கால்பந்து ஆடியவர்கள், பயிற்சி கொடுத்தவர்கள். அக்கா ஆண்ட்ரினும் தொழில்முறை வீராங்கனை. சிறுமியாக ஆண் பிள்ளைகளோடு ஆடி, கோல்போட்ன், ஸ்டாபெக் கிளப்புகளின் வழியே ஜெர்மனிக்குப் போய், 2014இல் பிரான்ஸின் லியோன் கிளப்பில் சேர்ந்தார். அங்கே ஆறு முறை ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் பட்டம். 2019 இறுதியாட்டத்தில் பார்சிலோனாவுக்கு எதிராக முதல் அரைமணி நேரத்துக்குள் மூன்று கோல்கள். அதே ஆண்டில், போலந்தில் ஆடிக்கொண்டிருந்த நார்வே வீரர் தாமஸ் ரோன்யேயைத் திருமணம் செய்துகொண்டார். கணவர் ஒரு நாட்டில், மனைவி வேறொரு நாட்டில் என்று இருவரும் தத்தம் ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். நம் ஊரில் திருமணப் பத்திரிகை அச்சாகும்போதே பூட்ஸைக் கழற்றிவிடும் பெண்களை நினைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும்.

2020 ஜனவரியில் அவருடைய முழங்கால் தசைநார் அறுந்தது. பின்னர் காலெலும்பிலும் முறிவு. இருபது மாதங்களுக்கு மேல் அவரால் ஆட முடியவில்லை. அந்தக் காலத்தில் அவருக்கு ஒப்பந்தம் இருந்தது. மருத்துவர் குழுவும் திரும்பி வர ஓர் அணியும் இருந்தன. 2021 இலையுதிர் காலத்தில் களம் திரும்பியவர், 2022 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் மீண்டும் கோல் அடித்தார். 2020இல் இரண்டு வீராங்கனைகளும் மைதானத்துக்கு வெளியேதான் இருந்தார்கள். ஒருவர் ஆட்டத்துக்குத் திரும்புவதற்காகவே சம்பளம் பெற்றார். மற்றவர் வேறொரு வேலைக்காகச் சம்பளம் பெற்றார்.

மறுக்கும் உரிமை

ஹெகர்பெர்க்கின் வாழ்க்கையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அவர் அடித்த கோல்கள் அல்ல, அவர் ஆடாமல் இருந்த ஐந்து ஆண்டுகள். 2017 ஐரோப்பியக் கோப்பையில் நார்வே மூன்று ஆட்டங்களிலும் தோற்று, ஒரு கோல்கூட அடிக்காமல் திரும்பியது. அதன் பிறகு, தேசிய அணிக்கு இனி ஆட மாட்டேன் என்று ஹெகர்பெர்க் அறிவித்தார். தயாரிப்பில் அக்கறை இல்லை, பெண்கள் அணியை மதித்து நடத்துவதில்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு. பணம் தன் முதன்மையான கோரிக்கை அல்ல என்பதையும் தெளிவாக்கினார். அந்த ஆண்டின் இறுதியில் நார்வே சங்கம் ஆண், பெண் தேசிய அணிகளுக்குச் சம ஊதிய ஒப்பந்தம் செய்தது. பெண்கள் அணிக்கான தொகை 31 லட்சம் குரோனரிலிருந்து 60 லட்சமாக உயர்ந்தது. அதில் 5.5 லட்சம், ஆண் வீரர்கள் தங்கள் விளம்பர வருவாயிலிருந்து விட்டுக்கொடுத்தது. அப்போதும் அவர் திரும்பவில்லை. 2019 உலகக் கோப்பையையும் துறந்தார். 2022 மார்ச்சில் முன்னாள் வீராங்கனை லிசே கிளாவெனஸ் நார்வே சங்கத்தின் முதல் பெண் தலைவராகத் தேர்வான பிறகே, அதே மாதத்தில் அணிக்குத் திரும்பினார்.

அவர் செய்தது சரியா தவறா என்று நார்வேக்காரர்கள் இரு பக்கமும் நின்று வாதாடினார்கள். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. நாட்டுச் சங்கத்தின் முகத்துக்கு நேரே குறை சொல்லிவிட்டு ஐந்து ஆண்டுகள் விலகி நின்றும் அவருடைய பிழைப்பு கெடவில்லை. காரணம், கிளப் ஒப்பந்தம் என்னும் சொந்தக் கால். ஒருவர் செய்வது உண்மையிலேயே தொழிலா என்பதற்கு நான் வைக்கும் அளவுகோல் இதுதான்: அவரால் ‘முடியாது’ என்று சொல்ல முடிகிறதா?

இந்திய வீராங்கனையால் அப்படிச் சொல்ல முடியாது. முகாமில் உணவு சரியில்லை, தங்குமிடத்தில் பாதுகாப்பில்லை, பயிற்சியாளரின் நடத்தை எல்லை மீறுகிறது என்று அவர் வாய் திறந்தால், அணியில் இடம் போகும். இடம் போனால் சான்றிதழ் போகும். சான்றிதழ் போனால் இட ஒதுக்கீட்டு வேலையும் போகும். பிழைப்பின் எல்லா நூலும் ஒரே கையில் இருக்கும்போது, அந்தக் கைக்கு எதிராக எவரும் பேச மாட்டார்கள். பெண்கள் கால்பந்தில் பணம் வேண்டும் என்று நான் சொல்வது ஆடம்பரத்துக்காக அல்ல, மானத்தோடு ஆடுவதற்காக.

தொழில்முறை ஒப்பந்தம் வந்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்றும் இல்லை. லியோன் கிளப்பில் ஹெகர்பெர்க்கோடு ஆடிய ஐஸ்லாந்து வீராங்கனை சாரா பியோர்க், கர்ப்பகாலச் சம்பளத்தை முழுமையாகத் தராத கிளப் மீது ஃபிஃபா தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுத்து, 82 ஆயிரம் யூரோவுக்கு மேல் வென்றார். 2021 முதல் நடைமுறையில் உள்ள ஃபிஃபாவின் மகப்பேறு விதி அவருக்குத் துணை நின்றது. எழுதப்பட்ட ஒப்பந்தம் இருந்ததால்தான் வழக்குப் போடவே முடிந்தது.

சந்தை வரும்வரை காத்திருப்பதா?

‘பார்வையாளர் இல்லாத ஆட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்?’ என்பார்கள். 2025இல் ஆண்களின் ஐஎஸ்எல் தொடரே உரிம ஒப்பந்தச் சிக்கலில் நின்றுபோனதைப் பார்த்தோம். கேள்வியில் உண்மை இருக்கிறது. ஆனால், நார்வே சந்தைக்காகக் காத்திருக்கவில்லை. 1986இல் மெக்சிகோவில் கூடிய ஃபிஃபா மாநாட்டில் எழுந்து நின்று, பெண்களுக்கு உலகக் கோப்பை வேண்டும் என்று கேட்டவர் நார்வேயின் எலன் வில்லே. 1991இல் முதல் உலகக் கோப்பை நடந்தது. 1995இல் நார்வே அதை வென்றது. அங்கே ஊர் கிளப்புகளைத் தாங்கி நிற்பவை, ஊர்க்காரர்களின் ஊதியமில்லா உழைப்பும், அரசுப் பரிசுச்சீட்டு நிறுவனத்தின் உபரியிலிருந்து மைதானங்களுக்கு வரும் பணமும். நார்வேயின் மொத்த மக்கள்தொகை சுமார் 55 லட்சம். 2011 கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்டத்தில் மட்டும் 26 லட்சம் பேர். ஆள்பலம் நமக்குக் குறைவில்லை.

இந்தியாவிலும் ஒரு தொடக்கம் இருக்கிறது. இந்திய மகளிர் லீக் கிளப்புகள் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத ஒப்பந்தம் தர வேண்டும் என்று 2023இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு முடிவுசெய்தது. 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்று, இந்தியப் பெண்கள் முதன்முறையாகத் தகுதிச் சுற்றின் வழியே ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தார்கள். ஆனால், உச்சியில் சில பத்துப் பேருக்குக் கிடைக்கும் ஒப்பந்தம் விருத்தாசலத்து மாணவியின் தாய்க்குப் பதில் ஆகாது.

விருத்தாசலத்தில் தொடங்கலாம்

விருத்தாசலத்தைக் குறிப்பிடக் காரணம் உண்டு. பக்கத்து நெய்வேலிச் சுரங்கத்தில் கிடைத்த களிமண்ணை நம்பி, இந்த ஊரில் அரசு செராமிக் தொழிற்பேட்டையை உருவாக்கியது. செராமிக் தொழில்நுட்பம் சொல்லித்தர ஒரு கல்லூரியைத் தொடங்கியது. தமிழ்நாடு செராமிக்ஸ் நிறுவனம் இயங்கியது. அந்தப் பொது அடித்தளத்தின் மேல்தான், ஃபியூஸ் கேரியரும் கொலு பொம்மையும் அகல் விளக்கும் செய்யும் சிறு பட்டறைகள் எழுந்தன. பெண்கள் பலர் அவற்றில் வேலை பெற்றார்கள். பிளாஸ்டிக் வந்து பீங்கான் மின்பொருள்களின் சந்தையைச் சுருக்கியது பிந்தைய கதை. சந்தை தானே வரட்டும் என்று அன்று காத்திருந்தால், இது செராமிக் நகரம் என்று பெயர் பெற்றிருக்காது. கல்வி, கருவி, இடம் மூன்றையும் முதலில் கொடுத்து ஒரு தொழிலை உண்டாக்கிய அனுபவம் தமிழக அரசுக்கு இந்த ஊரிலேயே இருக்கிறது.

அதையே கால்பந்துக்கும் செய்யலாம். முதலில், கடலூரில் ஒரு தனிமனிதரின் உழைப்பில் உருவானது வட்டத்துக்கு ஒன்றாகப் பரவ வேண்டும். விருத்தாசலத்தில் ஓர் அரசுப் பள்ளி மைதானம், சம்பளம் பெறும் ஒரு பெண் பயிற்சியாளர், உடை மாற்றும் அறையும் கழிப்பறையும், மாலைச் சிற்றுண்டி, இருட்டுவதற்குள் கிராமங்களுக்குப் பிள்ளைகளைக் கொண்டுசேர்க்கும் வண்டி. இதில் எதுவும் பெருஞ்செலவு அல்ல. ஆனால், கடைசியாகச் சொன்ன வண்டி இல்லாவிட்டால் முந்தையவை எல்லாம் வீண்.

இரண்டாவதாக, பதினான்கு முதல் இருபத்தொரு வயதுவரை மாநில அளவில் தேர்வாகும் வீராங்கனைகளுக்கு மாத உதவித்தொகை, காயத்துக்கான முழு மருத்துவக் காப்பீடு, காயம்பட்டாலும் பறிபோகாத கல்லூரி இடம். அணியிலிருந்து நீக்கப்பட்டால் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். புகார் சொல்ல, தேர்வுக் குழுவுக்குத் தொடர்பில்லாத அமைப்பு வேண்டும்.

மூன்றாவதாக, பணம். பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013 நிறுவனச் சட்டம். கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் உண்டு. நெய்வேலிச் சுரங்கத்தை நடத்தும் என்எல்சி இந்தியா கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமங்களின் பெண் பிள்ளைகளுக்கு நிரந்தரமாக ஒரு கால்பந்து லீக் கேட்பது சலுகை அல்ல, உரிமை.

நான்காவதாக, காவல் துறையிலும் பிற துறைகளிலும் இருக்கும் வீராங்கனைகளுக்கு லீக் பருவம் முழுவதும் சம்பளத்தோடு விடுப்பு. சீருடை அவர்களுக்குத் துணையாக இருக்கட்டும்; ஆட்டத்துக்குப் போட்டியாக ஆகிவிடக் கூடாது.

இந்துமதி தன் திறமையால் மேலே வந்தார். அவரைப் போல எல்லாத் தடையும் தாண்டி வருபவர்களைக் கைதட்டி வரவேற்பதோடு நம் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பது அநீதி. தடையைத் தாண்டியவரைப் புகழ்வதைவிடத் தடையை அகற்றுவதே அரசின் வேலை. பந்து சோறு போடும் என்று ஒரு தாய் நம்புவதற்குப் பேச்சு போதாது. மகளின் பெயரில் ஒப்பந்தமும், மாத முதல் தேதியில் வங்கிக் கணக்கில் பணமும் வேண்டும். ‘இது சரியில்லை, நான் ஆட மாட்டேன்’ என்று சொல்லும் தைரியம் மகளுக்கும் வேண்டும். இவை மூன்றும் கிடைக்கும் நாளில்தான் தமிழகத்தில் பெண்கள் கால்பந்து ஒரு தொழில் ஆகிவிட்டது என்று நாம் சொல்லிக்கொள்ள முடியும்.