எஸ்டிமேட்டில் விடுபட்ட வரி

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் படப்பையைத் தாண்டி ஒரகடம் வரை போனால் கண்ணில் படுவது பெரிய ஆலைகளின் பெயர்ப்பலகைகள். அந்த ஆலைகளை நம்பிப் பிழைப்பவை உட்சாலைகளில் இருக்கும் ஷெட்டுகள். இரண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின், மூலையில் ஒரு வெல்டிங் செட், ஐந்தாறு பேர் வேலை. இப்படி ஒரு ஷெட்டை பெரும்பாலும் தொழில் தொடங்குகிறவரே முன்னால் நின்று கட்டுகிறார். பைப்பையும் ஷீட்டையும் தானே விலை பேசி வாங்கிக் கொடுத்து, ஃபேப்ரிகேட்டருக்குக் கூலி மட்டும் தருகிறார். ஃபேப்ரிகேட்டர் எழுதித் தரும் எஸ்டிமேட்டில் அஸ்திவாரக் குழி, பேஸ் பிளேட், பில்லர், டிரஸ், ஷீட்டைத் தாங்கும் பர்லின், கூரை ஷீட், ஸ்க்ரூ, ஷட்டர் எல்லாம் இருக்கும். வெயிலை எப்படித் தடுப்பது என்பதற்கு மட்டும் ஒரு வரியும் இருக்காது. தொழில் ஓடி நாலு காசு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அதைத் தள்ளிவைக்கிறார்கள். அந்த வரி முதல் எஸ்டிமேட்டிலேயே, பர்லினுக்கும் ஷீட்டுக்கும் நடுவில் இருந்தாக வேண்டும் என்பது என் கருத்து.

கூரை ஷீட்டின் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். இரும்பு சூட்டை உடனே கடத்திவிடும். மேல்பக்கம் வாங்கிய வெயில் அடிப்பக்கம் வந்து சேர நேரமே ஆவதில்லை. படப்பை ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். ஆகவே இங்கே வெயிலைத் தாங்குவது சுவரைவிடக் கூரைதான். நிறம் பூசிய ஷீட் மதியத்தில் 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சூட்டில் ஷீட் தானே ஒரு அடுப்பாகி, கீழே நிற்பவரின் தலையிலும் தோளிலும் கதிர்வீச்சாக இறங்குகிறது. ஃபேன் காற்றைத்தான் நகர்த்தும், வியர்வையை உலர்த்தும். கதிர்வீச்சை அதனால் தள்ளிவிட முடியாது. கூரை உச்சியில் சுழலும் டர்போ வென்டிலேட்டரும் அப்படித்தான். மேலே தேங்கும் சூடான காற்றை அது வெளியேற்றும், அது நல்லதே. ஷீட்டின் சூடு மட்டும் குறையாமல் அங்கேயே இருக்கும்.

உழைக்கிறவர்களுக்கு வெயில் பழகிப்போன ஒன்று என்பார்கள். மனிதருக்குப் பழகியதாகவே வைத்துக்கொண்டாலும் உலோகத்துக்குப் பழகாது. நீள அளவுகளை 20 டிகிரியில்தான் கணக்கிட வேண்டும் என்று 1931-இல் சர்வதேச அளவில் ஒப்புக்கொண்டார்கள். பெரிய ஆலைகளின் அளவைக் கூடங்கள் இன்றைக்கும் அந்தக் குளிரில்தான் இயங்குகின்றன. நம் ஷெட்டில் மாலை நான்கு மணிக்கு 40 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு அலுமினிய உருளையைக் கடைந்து, மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்கிறார் லேத்காரர். அளவு சரியாகவே காட்டுகிறது. அலுமினியம் இரும்பைப்போல இரண்டு மடங்கு விரியும் என்பதால், இரும்பு மைக்ரோமீட்டரும் அதே சூட்டில் இருந்தும் 23 மைக்ரான் வித்தியாசம் மறைந்துகிடக்கிறது. ஐ.டி. 6 என்ற துல்லிய அளவுத் தரத்தில் அந்த விட்டத்துக்கு மொத்தமாக அனுமதிப்பதே 22 மைக்ரான். காலையில் பாஸான பீஸ் மாலையில் ரிஜெக்ட் ஆவதற்கு கைத்திறன் குறைந்ததுதான் காரணம் என்று திட்டுவதற்கு முன் கூரையை ஒருமுறை நிமிர்ந்து பார்க்க வேண்டும். திரும்பி வந்த ஒரு லோடின் நஷ்டத்தில் வெயில் தடுப்புச் செலவு எவ்வளவு அடங்கியிருக்கும் என்று அவரவர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கூரையில் வெயிலைத் தடுப்பது ஏதோ புதிதாக வந்த சொகுசு என்று யாரும் நினைக்க வேண்டாம். தென்னங்கீற்றுக் கொட்டகை, இடையிடையே காற்றைப் பிடித்துவைத்திருக்கும் ஒரு முழுமையான வெப்பத் தடுப்புதான். இரண்டு அடுக்காக நாட்டு ஓடு வேய்ந்ததும் அதற்காகவும்தான். 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகள் தீக்கு இரையானார்கள். கீற்றுக் கூரைதான் அந்தத் தீயைப் பரப்பியது. அதன்பின் கீற்றை அகற்றியது முழுக்க முழுக்க நியாயம். ஆனால் பல இடங்களில் கீற்று இருந்த இடத்துக்கு வெறும் ஷீட் வந்தது. தீயிலிருந்து தப்பினோம், கீற்று தந்த நிழலைத் திரும்பப் பெறவில்லை. சட்டமும் இதை அறியாததல்ல. 1948-இல் தொழிற்சாலைகள் சட்டத்தை இயற்றியபோது அதன் 13-ஆம் பிரிவில் வெள்ளையடித்தல், கூரையை உயர்த்துதல், நடுவில் காற்றுவெளி விட்டு இரட்டைக் கூரை போடுதல் ஆகியவற்றை வழிகளாகவே எழுதிவைத்தார்கள். மின்சாரத்தில் இயங்கும் இடமானால் பத்துப் பேர் வேலை பார்த்தால்தான் அந்தச் சட்டம் பொருந்தியது. 2020-இன் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை இருபது பேர் என்றாக்கியது. 2024-இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆறு பேர் வேலை பார்க்கும் தகர ஷெட் இவை எல்லாவற்றுக்கும் நடுவில் விட்டுப்போய் நிற்கிறது. அங்கே சட்டமும் வராது, ஆய்வாளரும் வரமாட்டார். அந்த ஷெட்டின் உரிமையாளர் எஸ்டிமேட்டில் என்ன எழுதுகிறாரோ அதுதான் அங்கே சட்டம்.

என்ன எழுதலாம்? ஷீட் வாங்கும்போதே வெள்ளை நிறம் கேட்பது முதல் வேலை. அதற்குத் தனிச் செலவு பெரிதாக இல்லை. அடுத்து, பர்லினுக்குக் கீழே இன்னொரு மெல்லிய ஷீட்டை அடித்து, நடுவில் ராக் ஊல் விரிப்பது. பணம் இடிக்கிறதென்றால் அலுமினியத் தாள் ஒட்டிய பபிள் ஷீட் போடலாம். ஆனால் அதன் பளபளப்பு எதோடாவது ஒட்டி நசுங்கிவிட்டால் காசு வீண். பளபளக்கும் பக்கம் கீழே பார்க்க, அதற்கும் கீழே காற்றுக்கு இடம் விட்டு இழுத்துக் கட்ட வேண்டும். மேலே பார்க்கும் பளபளப்பில் தூசி படிந்தால் அதன் வேலை போய்விடும். தெர்மாகோலை மட்டும் வெல்டிங் நடக்கும் ஷெட்டுக்குள் ஏற்றவே கூடாது. ஒரு தீப்பொறி போதும், அது உருகி எரிந்து சொட்டும். கீற்றைத் தீக்குப் பயந்து கழற்றியவர்கள் அதைவிட மோசமான ஒன்றைத் தலைக்கு மேலே கட்டிக்கொள்வதில் அர்த்தமில்லை. ஆஸ்பெஸ்டாஸ் குளிர்ச்சி என்று சொல்பவர்களுக்கும் அதே பதில்தான். அதன் எல்லா வகையும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பழைய ஷீட்டில் ஒரு ஓட்டை போட்டாலே தூசி பறக்கும்.

வெளிநாட்டு முறைகளை அப்படியே எடுப்பதிலும் கவனம் வேண்டும். குளிர்நாட்டில் உள்ளே இருக்கும் சூட்டைக் காப்பாற்றக் கட்டுகிறார்கள். ஆகவே நான்கு சுவருக்கும் கனமான தடுப்பு, ஈரத்தைத் தடுக்கும் தாள் உள்பக்கம். நமக்குக் கூரை முதலில், மேற்குச் சுவர் அடுத்து, மற்றவை பிறகு. ஏ.சி. போட்ட அறை என்றால் ஈரம் வெளியிலிருந்து உள்ளே வருகிறது, தாள் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். கீழ் அடுக்கால் மழைக்கால லாபமும் ஒன்று உண்டு. கார்த்திகை, மார்கழியில் வானம் தெளிந்த விடியலில் வெறும் ஷீட் காற்றைவிடக் குளிர்ந்து, அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து, லேத்தின் படுகைமேல் சொட்டும். காலையில் வருகிறவர் துணியால் துடைத்தாலும் துரு பிடித்த புள்ளி நின்றுவிடும். கீழ் அடுக்கு இருந்தால் அறையின் ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த இரும்பைத் தொடாது.

பின்னால் சேர்த்துக்கொண்டால் என்ன என்பதுதான் மிகக் கனமான மறுப்பு. கீழ் அடுக்குக்கும் எடை உண்டு. பர்லின் இடைவெளியை ஷீட்டுக்கு மட்டும் கணக்கிட்டுப் போட்டபின் அதில் இன்னொரு கூரையைத் தொங்கவிட்டால் வளையும். காற்றுக்கான ஏற்பாட்டையும் பின்னால் தள்ள முடியாது. 2016 டிசம்பர் 12-இல் சென்னைக்கு அருகே கரை கடந்த வர்தா புயல், ஷீட்டைக் காற்று எப்படி உரித்தெடுக்கும் என்பதைக் காட்டிவிட்டுப் போனது. உறிஞ்சல் அதிகம் இருப்பது ஓரத்திலும் மூலையிலும். அங்கே ஸ்க்ரூக்களை நெருக்கமாகப் போடவும், ரப்பர் வாஷர் நசுங்காமல் முடுக்கவும் ஷீட் மேலேறும் நாளில்தான் வசதி. லைட், கேபிள், ஃபேன் எல்லாம் மாட்டிய பிறகு அதே வேலைக்கு மெஷினை நிறுத்தி, சாரம் கட்டி, மறுபடி கூலி கொடுக்க வேண்டும்.

வாடகை இடம் என்றால்? பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவர், உரிமையாளரின் கூரைக்குப் பணம் போடத் தயங்குவது நியாயமான தயக்கம். அவருக்கு வெல்டிங் வேண்டாம், போல்ட் போதும். கீழ் அடுக்கைத் துண்டு துண்டாகச் சட்டத்தில் அடித்து, பர்லினில் கிளாம்ப் வைத்துப் பூட்டினால் அது கட்டடத்தில் சேராது, அவருடைய சாமானாகவே இருக்கும். அதை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளலாம். இடம் மாறும் நாளில் லேத்தை ஏற்றும் அதே லாரியில் அதையும் கழற்றி ஏற்றிக்கொண்டு போகலாம்.