நாலு பேர் வேண்டும்



கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே போய்க் கல்வராயன் மலை ஏறினால் வெள்ளிமலை வரும். அந்த மலைவாசிகளை மலையாளிகள் என்பார்கள். கேரளத்துக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள்! மலையில் வாழ்கிறவர்கள் என்பதே பொருள். பேசுவது நம் தமிழ்தான். சாமையும் மரவள்ளியும் விளைகிற அந்தச் சரிவுகளில், சாலை எட்டாத குக்கிராமங்களில் பிரசவ வலி கண்ட பெண்ணை டோலி கட்டித்தான் தூக்கி வந்திருக்கிறார்கள். அம்மக்களின் நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2024-ல் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சாலை வரத்தான் வேண்டும், அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் ஒன்று, டோலி என்றால் தூக்க நாலு தோள் கிடைத்துவிடுகிறது.

பட்டணத்தில் நமக்கு லிப்ட் இருக்கிறது. 108-ஐக் கூப்பிட்டால் வாசலில் வண்டி வந்து நிற்கிறது. ஆனால் மூன்றாவது மாடியில் குழந்தை பெற்று இருபது நாளான பெண் காலையிலிருந்து அழுதுகொண்டிருக்கிறாள் என்று யாருக்குத் தெரியும்? அம்மா ஊருக்குத் திரும்பியாயிற்று. எட்டு மணிக்குப் போன கணவர் வர இரவு ஒன்பதாகும். கதவு சாத்தியிருக்கிறது.

பிரசவித்த முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தெளிந்துவிடும். தெளியவில்லை, குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை, பிள்ளையிடம் ஒட்டுதல் இல்லை என்றால் அது மனச்சோர்வு நோய். "நாங்கெல்லாம் பெத்துக்கலையா?" என்று கேட்கிற விஷயமே அல்ல. சிகிச்சை உண்டு, குணமாகும். ஆனால் இந்த நோய்க்காரி தானாக எழுந்து டாக்டரிடம் போகமாட்டாள். அதற்குத்தான் நாலு பேர் வேண்டும்.

மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் கப்பர்நாகும் ஊர்க் காட்சியை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். முடக்குவாதக்காரர் ஒருவரைக் கட்டிலோடு நாலு பேர் தூக்கி வருகிறார்கள். கூட்டத்தில் வழியில்லை. கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு பார்த்தது படுத்திருந்தவரின் விசுவாசத்தை மட்டுமல்ல, தூக்கி வந்தவர்களின் விசுவாசத்தையும்தான். அவர்களுக்குப் பெயர்கூடச் சொல்லப்படவில்லை. நம் ஊரில் 'நாலு பேர்' என்றால் கடைசி யாத்திரைக்குத்தான் ஞாபகம் வருகிறது. உயிரோடு இருக்கும்போது வந்தால் என்னவாம்?

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பங்குகளில் இதற்கென்றே 'அன்பியம்' இருக்கிறது. ஒரு தெருவின் சில பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் ஓர் அன்பியம். முறைவைத்து வீட்டுக்கு வீடு கூடுவார்கள். இலத்தீன் அமெரிக்க ஏழை மக்களிடையே வேர்விட்டு, 1968-ல் மெதெயின் நகரில் கூடிய ஆயர்களால் ஊக்கம் பெற்ற முயற்சி இது. ஆசிய ஆயர்களும் 1990-ல் பாண்டுங்கில் கூடி இந்த வழியையே வற்புறுத்தினார்கள். எங்கும் உயிரோடு நடக்கிறதா? ஜெபம் சொல்லி, சுண்டல் சாப்பிட்டு, அடுத்த மாதம் யார் வீடு என்று கேட்டுக் கலைவதோடு முடிகிற இடங்களும் உண்டு. யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று பார்க்கிற கண்தான் அங்கே குறைச்சல்.

இதுவும் புதிதல்ல. எருசலேம் பட்டணத்துத் திருச்சபையிலேயே, கிரேக்கம் பேசும் கைம்பெண்களுக்கு அன்றாடப் பந்தியில் கவனிப்பில்லை என்று முணுமுணுப்பு எழுந்ததாகத் திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரம் ஒளிக்காமல் சொல்கிறது. திருத்தூதர்கள் "இனிமேல் அன்பாயிருங்கள்" என்று பிரசங்கம் செய்து விட்டுவிடவில்லை. ஏழு பேரைப் பொறுப்பாக நியமிக்கச் செய்தார்கள். அந்த ஏழு பேருடைய பெயர்களும் கிரேக்கப் பெயர்கள்! விடுபட்டவர்களின் பக்கத்திலிருந்தே ஆள் எடுத்ததாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. நம் தெருவில் விடுபடுகிறவர்கள் யார்? போன மாதம் குடிவந்த வாடகைக் குடும்பம், கட்டட வேலைக்குக் குழந்தையோடு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருப்பவள், நம் வீட்டிலேயே பாத்திரம் தேய்க்கிறவள்.

அவள் இந்துவோ முஸ்லிமோ, ஜெபத்துக்குக் கூப்பிட வேண்டியதில்லை. மிளகு ரசம் கொண்டுபோகலாம். "ஏதாவது வேணுமாம்மா?" என்று கேட்டால், "ஒண்ணும் வேணாம்க்கா" என்றுதான் பதில் வரும். "பாப்பாவை நான் பாத்துக்கிறேன், நீ ஒரு மணி நேரம் தூங்கு" என்று சொல்லுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தூக்குங்கள். சளி, இருமல் இருந்தால் போகவே வேண்டாம். சர்க்கரைத் தண்ணீர், கழுதைப் பால் என்று யோசனை சொல்லாமல் இருப்பது பெரிய உதவி. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும்.

தாய்க்குக் காய்ச்சலோ அதிக உதிரப்போக்கோ கண்டால் உடனே ஆஸ்பத்திரி. "செத்துடலாம்போல இருக்கு" என்று வாய்விட்டால் அவளைத் தனியே விடாதீர்கள். கணவருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, 14416-க்குப் போன் செய்யுங்கள். 2022-ல் அரசு தொடங்கிய மனநல உதவி எண் இது. இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.