அச்சு முறிந்த ஊரில் ஒரு பழைய எஞ்சின்

அச்சரப்பாக்கத்திலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். மூன்றரைப் பக்கம் கணவரைப் பற்றி. அரைப் பக்கம் காரைப் பற்றி. படித்து முடித்ததும்தான் தெரிந்தது, இரண்டும் ஒரே விஷயம் என்று.

மாமனார் 1966-ல் வாங்கிய அம்பாஸிடர் கார் கொட்டகையில் நிற்கிறதாம். கிளம்புகிறது, ஓடுகிறது, ஆனால் பின்னால் நீலப் புகை கக்குகிறது. சிறு மேடு வந்தாலும் மூச்சு வாங்குகிறது. பெட்ரோல் குடிப்பது போதாதென்று எண்ணெயும் குடிக்கிறது. ஒரு மெக்கானிக் வந்து பார்த்து, "எஞ்சின் போச்சு, எடைக்குப் போட்டு விடுங்கள்" என்றார். இன்னொருவர், "ரிங் மட்டும் மாற்றினால் போதும், இரண்டு நாள் வேலை" என்றார். கணக்கு வாத்தியாராக இருந்து ரிடையரான கணவரோ, "எவனும் வேண்டாம், நானே எஞ்சினை இறக்கி வீட்டிலேயே பிரித்துச் சேர்க்கிறேன்" என்று ஸ்பானர் செட் வாங்கி வந்துவிட்டார். பெண்ணுக்கு ஏழு மாதத்தில் கல்யாணம். அந்தக் காரில்தான் பேத்தியைப் புக்ககம் அனுப்ப வேண்டும் என்று மாமனார் சொல்லிவிட்டுப் போனாராம்.

"கல்யாணத்துக்கென்று சேர்த்த பணத்தில் இவர் கை வைத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. சம்மதிக்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் பதில் சொல்லுங்கள்" என்கிறார்.

ஒரு வார்த்தையில் அடங்கவில்லை, சகோதரி. மூன்று வார்த்தை தருகிறேன்: "அளந்து பார்த்த பிறகு."

உங்கள் ஊருக்குப் பெயர் வந்த கதை உங்களுக்கே தெரியும். மற்ற நேயர்களுக்காகச் சொல்கிறேன். திரிபுரத்தை எரிக்கச் சிவபெருமான் புறப்பட்டார். பூமியே தேர், சூரிய சந்திரர்கள் சக்கரங்கள், நாலு வேதங்களும் குதிரைகள், பிரம்மாவே டிரைவர். அப்படிப்பட்ட வண்டி இங்கே வந்ததும் அச்சு முறிந்து உட்கார்ந்துவிட்டது. அச்சு இற்ற இடம் அச்சிறுபாக்கம். அதுதான் வாய்வழக்கில் அச்சரப்பாக்கம். வண்டியில் குற்றமில்லை, டிரைவரிலும் குற்றமில்லை. முதலில் செய்ய வேண்டிய பிள்ளையார் பூஜையைச் செய்யாமல் கிளம்பியதுதான் காரணம் என்கிறது ஸ்தல புராணம். எஞ்சின் வேலையில் பிள்ளையார் பூஜை என்பது அளவெடுப்பது. உங்கள் வீட்டுக்கு வந்த மெக்கானிக்குகள் இருவருமே அதைச் செய்யவில்லை. எதையும் அளக்காமல் ஒருவர் மரணச் சான்று கொடுத்தார். இன்னொருவர் கஷாயம் கொடுத்தார்.

தேய்மானம் என்றால் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? அந்த எஞ்சினில் நாலு சிலிண்டர். புதிதாக இருந்தபோது ஒவ்வொன்றின் உள்விட்டமும் 73 மில்லி மீட்டருக்கு ஒரு மயிரிழை அதிகம். அதில் கால் மில்லி மீட்டர், அதாவது நோட்டுப் புத்தகத் தாள் இரண்டு மூன்றை அடுக்கினால் வருகிற கனம், தேய்ந்து போனாலே சிலிண்டர் கிழமாகிவிட்டது என்று அர்த்தம். அந்தச் சந்து வழியாக எண்ணெய் மேலே ஏறி எரிகிறது. அதுதான் நீலப் புகை. கறுப்புப் புகையானால் பெட்ரோல் அதிகம். வெள்ளையாக ஆவி விடாமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது.

இந்தத் தேய்மானம் எஞ்சினைச் செய்தவர்கள் எதிர்பார்த்ததுதான். சிலிண்டரைக் கடைந்து சற்றே பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட இடம் வைத்தே வார்த்திருக்கிறார்கள். பட்டறையில் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்பார்கள். ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறு போட்டு, அதில் அத்தனை கூறு என்று கணக்கு. நாற்பதையும் தாண்டிவிட்டால்கூட ஸ்லீவ் என்கிற புது உறையை அடித்துச் சேர்த்து, பழைய அளவுக்கே கொண்டுவரலாம். எடைக்குப் போடச் சொன்னவருக்கு இதுவே பதில்.

ரிங் மட்டும் மாற்றச் சொன்னவருக்கு வருகிறேன். சிலிண்டர் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகத் தேய்வதில்லை. ரிங் மேலே போய்த் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் ரொம்ப அதிகம். அதற்கும் மேலே, ரிங் எட்டாத இடம், பழைய அளவிலேயே ஒரு விளிம்பாக நிற்கும். ஹெட்டைக் கழற்றிய பிறகு உங்கள் நகத்தால் உள்ளே தடவிப் பாருங்கள்; நகம் தடுக்கும். இந்த லட்சணத்தில் புது ரிங்கைப் போட்டால் அது நீள்வட்டமான குழிக்குள் சரியாகப் பொருந்தாது. மேலே போகும்போது அந்த விளிம்பில் இடித்து உடைந்தாலும் உடையும். அளந்து பார்த்து, தேய்மானம் சொற்பம் என்று தெரிந்தால் ரிங் மட்டும் மாற்றுவதில் தப்பில்லை. அளக்காமல் மாற்றுவது, கிழிந்த புடவைக்குப் புது ஜரிகை வைப்பது.

எஞ்சினை இறக்குவதற்கு முன்பே ஒரு சோதனை உண்டு. அதற்குக் கம்ப்ரஷன் கேஜ் ஒன்றும் ஒரு ஸ்பூன் எண்ணெயும் போதும். எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, நாலு பிளக்கையும் கழற்றிவிட்டு, தீப்பொறி கொடுக்கும் ஒயரையும் பிடுங்கிவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தபடி ஸெல்ப் அடித்து ஒவ்வொரு சிலிண்டராக அழுத்தத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். மிதிப்பது அவர், எழுதுவது நீங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அழுத்தம் விறுவிறுவென்று ஏறினால் நோய் ரிங்கிலும் சிலிண்டரிலும். ஏறாமல் அப்படியே இருந்தால் வால்வில். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் மட்டும் குறைவாகக் காட்டினால், ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கட் போயிருக்கலாம். அப்படியானால் எஞ்சினை இறக்க வேண்டிய அவசியமே இல்லை! வாத்தியாரின் உற்சாகத்தில் தண்ணீர் தெளித்ததற்கு மன்னிக்க வேண்டும்.

இறக்கத்தான் வேண்டும் என்றால், வீட்டில் ஆகிற வேலை எது, ஆகாத வேலை எது என்பதில் தெளிவு வேண்டும். பிரிப்பது, சுத்தம் செய்வது, வால்வைத் தேய்த்து உட்கார வைப்பது, திரும்பச் சேர்ப்பது, இவ்வளவும் கொட்டகையில் நடக்கும். சிலிண்டரைக் கடைவதும் கிராங்க் ஷாப்டைச் சாணை பிடிப்பதும் அதற்கென்று இயந்திரம் வைத்திருக்கும் பட்டறையில்தான். வீட்டில் எவ்வளவு திறமைசாலி இருந்தாலும் சரி, இதில் வீரம் கூடாது.

பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்துக் கொண்ட பிறகே சிலிண்டரைக் கடையக் கொடுக்க வேண்டும். முதலில் கடைந்துவிட்டுப் பிறகு அந்த அளவுக்குப் பிஸ்டன் கிடைக்காமல் அலைகிறவர்கள் உண்டு. சென்னையில் ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு உதிரிச் சாமான் கடைகளிலும், பழைய சாமானானால் புதுப்பேட்டையிலும் தேடலாம். உங்கள் ஊரிலிருந்து ரயிலேறினால் காலையில் போய் மாலையில் திரும்பலாம். பட்டறைக்காரர் அந்தப் பிஸ்டனை அளந்து, அதற்கு எவ்வளவு இடைவெளி வேண்டுமோ அவ்வளவு விட்டுக் கடைவார். அம்பாஸிடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது; ஆகவே பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் மைக்ராமீட்டர் வைத்துப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

எஞ்சினை இறக்கும் நாள் மட்டும் நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஓட்டு வீட்டுக் கூரைச் சட்டத்தில் சங்கிலியைக் கட்டித் தூக்கலாம் என்று யாராவது சொன்னால், ஸ்பானரைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். வாடகைக்குச் செயின் பிளாக்கும் இரும்பு முக்காலியும் வரட்டும். தொங்கும் எஞ்சினுக்கு அடியில் கை, கால், பேரன் எதுவும் போகக் கூடாது. கழுவுவதற்குப் பெட்ரோல் கூடவே கூடாது. மண்ணெண்ணெயோ டீஸலோ ஆனாலும் அடுப்படிக்குத் தூரமாக, காற்றோட்டமான இடத்தில்.

பிரிக்கும் வேலையில் பாதி, சமையலறை நிர்வாகம்தான். எந்த டப்பாவில் எது என்று தெரியாவிட்டால் சமையல் நடக்குமா? பிஸ்டனைத் தாங்கும் தண்டு ஒவ்வொன்றுக்கும் அதனதன் மூடி உண்டு. ஒன்றாம் நம்பர் மூடியை மூன்றாம் நம்பரில் போட்டால் பார்வைக்குப் பொருந்தும். ஓட்டத்தில் எஞ்சினைத் தின்றுவிடும். வால்வு எட்டும் அப்படியே. அட்டையில் எட்டு ஓட்டை போட்டு நம்பர் எழுதி வரிசையாகச் செருகி வையுங்கள். (இட்டிலித் தட்டைக் கேட்பார், கொடுக்காதீர்கள்.) ஒவ்வொன்றையும் கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம். இரண்டு மாதம் கழித்து, "இந்த வாஷர் எங்கேயிருந்து வந்தது?" என்கிற கேள்வி நடு ராத்திரியில் எழாமல் இருக்கும்.

அடுத்த விஷயத்தில் ஆண்களைவிட நமக்கு அனுபவம் அதிகம். கடைந்து வந்த சிலிண்டரின் சுவரில், கண்ணுக்குத் தெரியாத சாணைத் தூள் ஒட்டிக் கொண்டிருக்கும். பெரும்பாலோர் மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டுப் பளபளப்பைப் பார்த்துத் திருப்திப்படுகிறார்கள். மண்ணெண்ணெய் அந்தத் தூளை இன்னும் உள்ளே இழுத்துவிடும். எண்ணெய்ச் சட்டியை எதைக் கொண்டு கழுவுகிறோம்? வெந்நீரும் சோப்பும் நாரும்தானே? அதேதான். நன்றாகத் தேய்த்துக் கழுவி, பழைய வெள்ளை வேஷ்டித் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் சாம்பல் நிறம் ஏறுகிறவரை மறுபடி கழுவ வேண்டும். துணி வெள்ளையாகவே வந்ததும், ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் எண்ணெய் தடவ வேண்டும். இல்லாவிட்டால் கண்ணெதிரே துரு பூக்கும். இந்த வேலையை அவரிடம் விடாதீர்கள். புது ரிங்கின் ஆயுள் இந்தத் துணியில் இருக்கிறது.

ஹெட் கழன்றிருக்கும்போதே இன்னொன்றையும் யோசிக்கலாம். உங்கள் கார் பிறந்த காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. வால்வு உட்காரும் இடம் தேயாமல் அது காத்தது. 2000-ம் வருஷம் பிப்ரவரியிலிருந்து நாடெங்கும் ஈயமில்லாத பெட்ரோல்தான். ஆகவே புகை வெளியேறும் நாலு வால்வுகளுக்கும் கடினமான வளையம் பதித்துவிட்டால் நல்லது. இப்போதைய பெட்ரோலில் இருபது சதவீதம்வரை எத்தனால் வேறு இருக்கிறது. பழைய ரப்பர் குழாய்களை அது ஊற வைத்து வெடிக்கச் செய்யும். ஐம்பது வருஷக் குழாய் ஒன்றுகூட மிஞ்ச வேண்டாம்.

"பழைய எஞ்சின் எதற்கு? டீஸல் எஞ்சின் ஒன்றைத் தூக்கி வைத்துவிடலாம்" என்று ஒருவர் நிச்சயம் வருவார். ஆர். ஸி. புத்தகத்தில் எஞ்சின் நம்பர் எழுதியிருக்கிறது. எஞ்சினையே மாற்றினால் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி வேண்டும். உள்ளதைச் சீர் செய்தால் நம்பர் மாறுவதில்லை. ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளை 'வின்டேஜ்' என்று பதிவு செய்ய 2021-ல் விதி வந்திருக்கிறது; அப்படிப் பதிந்தால் கண்காட்சிக்கும் ராலிக்கும் எடுத்துப் போகலாமே தவிர, தினசரி ஓட்ட முடியாது. கல்யாண ஊர்வலத்துக்கு வேண்டுமானால் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக் கொள்ளுங்கள்.

சேர்க்கும் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கம்பெனி போட்ட ரிப்பேர்ப் புத்தகம் இருந்தால் அதில் எல்லாம் இருக்கிறது. ஹெட்டில் பதினொரு நட்டு. நடுவிலிருந்து ஆரம்பித்து வெளியே, கொஞ்சம் கொஞ்சமாக, டார்க் ரெஞ்ச் வைத்து. கை பலத்தை நம்பி முறுக்கக் கூடாது.

எஞ்சின் கிளம்பியதும், ஆசையில் அதைக் கொட்டகையிலேயே மணிக்கணக்காகத் துடிக்க விடாதீர்கள். வேலையில்லாமல் சுற்றினால் புது ரிங்குக்கும் சிலிண்டருக்கும் ஒட்டுறவு ஏற்படாது. எண்ணெய் அழுத்தம், தண்ணீர், கசிவு மூன்றையும் பார்த்துவிட்டு ரோட்டுக்கு எடுக்க வேண்டியதுதான். மதுராந்தகம் ஏரிவரை போய்த் திரும்பட்டும். வேகத்தை ஏற்றி இறக்கி, திணற வைக்காமல், பறக்க விடாமல். சில நூறு கிலோ மீட்டரில் எண்ணெயை மாற்றிவிட வேண்டும். வடித்த எண்ணெயைக் கிணற்றடியில் கொட்டாமல், டப்பாவில் பிடித்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

இனி பணம். தொகை எதுவும் நான் சொல்லப் போவதில்லை. ஊருக்கு ஊர், பட்டறைக்குப் பட்டறை வேறு. கம்ப்ரஷன் கணக்கு, நாலு சிலிண்டரின் அளவு, கிராங்கின் அளவு மூன்றும் காகிதத்தில் வந்த பிறகு, பட்டறைக் கூலியும் சாமான் விலையும் எழுத்தில் வாங்குங்கள். அதற்கு மேல் கொஞ்சம் போட்டு ஒரு தொகையைத் தனியாக எடுத்து அவரிடம் கொடுத்துவிடுங்கள். கல்யாணப் பணம் இருக்கிற பாங்குக் கணக்குப் புத்தகம் உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும். பிளாக்கில் வெடிப்பு இருப்பதாகத் தெரிந்தால் அன்றோடு வேலை நிற்க வேண்டும் என்று இப்போதே பேசி வைத்துக் கொள்ளுங்கள். பிறகு பேசினால் மனஸ்தாபம்.

ஏழு மாதம் போதும். இருந்தாலும் கல்யாணத்தன்றைக்கு ஒரு வாடகைக் காருக்கும் சொல்லி வையுங்கள். அவரிடம் சொல்ல வேண்டாம்.

எஞ்சின் கிளம்பிய அன்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதைப் பற்றி உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.