வலிக்கிற ராத்திரிக்கு வேன் ஏது?

2008 ஜூலை. சங்கராபுரம் பக்கம் கடுவனூரில் இலவசக் கண் முகாம். புரை விழுந்து, சோற்றில் கிடக்கும் கல் தெரியாமல் தடவிக்கொண்டிருந்த எங்கள் ஜனம் நம்பிப் போனது. பெரம்பலூருக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்தார்கள். 66 பேருக்கு, கத்தி பட்ட கண்ணில் தொற்று ஏறிப் பார்வை போயிற்று. மங்கலாகவாவது தெரிந்துகொண்டிருந்த கண் அய்யா அது!

விதி என்று யாரும் எங்களிடம் வராதீர்கள். ஒருவருக்குத் தொற்று வந்தால் அசம்பாவிதம் என்று பொறுத்துக்கொள்ளலாம். ஒரே முகாமில் இத்தனை பேருக்கு வந்தால், கண்ணைக் கழுவுகிற திரவத்தையும் கருவியை அவிக்கிற நீராவிப் பெட்டியையும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டியது மேஜையில் படுத்திருந்த ஆயாவா?

வழக்கை சிபிஐ எடுத்தது. தீர்ப்பு வரப் பத்து ஆண்டு. தண்டிக்கப்பட்டவர்களுக்குக் கிடைத்தது ஓராண்டுச் சிறை. அறுபது வயசுக்காரருக்குப் பத்து ஆண்டு என்றால் என்னவென்று தெரியுமா உங்களுக்கு?

ஆபரேஷன் முடிந்த சில நாளில் கண் சிவந்து, இமை வீங்கி, வலி குடைந்து, பார்வை மங்கினால் அன்றைக்கே பார்த்தாக வேண்டும். கண்ணுக்குள் ஊறும் நீரைக் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் வான்கோமைசின், செஃப்டாசிடைம் என்ற கிருமிக்கொல்லிகளைக் கண்ணுக்குள்ளேயே ஊசியாகப் போட வேண்டும். மாத்திரை மட்டும் அங்கே போதாது. வெளிச்சம் மட்டுமே தெரிகிறது என்ற நிலை வந்துவிட்டால், சீழ் கோத்த விழிக்கூழையே வெட்டி எடுக்க வேண்டும். அப்படி எடுப்பதன் பலனை 1995லேயே ஓர் அமெரிக்க ஆய்வு சொல்லிவிட்டது. மணிக்கணக்கில் கண் போகிற தொற்று இது.

அந்த மணிக்கணக்கு கல்வராயன் மலைக்கு எப்படிப் பொருந்தும்? வெள்ளிமலைக்கும் அப்பால், பஸ் நின்றுபோன ராத்திரியில், கட்டுப் போட்ட கண்ணைப் பொத்திக்கொண்டு மலையாளிப் பழங்குடிக் கிழவி ஒருத்தி யாரிடம் போவாள்? "ஆபரேஷன் பண்ணா வலிக்கத்தான் செய்யும், சொட்டு மருந்து வுடு" என்று வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு யார் என்ன சொல்லி அனுப்பினார்கள்?

2019இல் எங்கள் கள்ளக்குறிச்சியைத் தனி மாவட்டமாக்கினீர்கள். 2022இல் சிறுவங்கூரில் மருத்துவக் கல்லூரி திறந்தீர்கள். மகிழ்ச்சிதான். அந்த ஊசியும் அதைப் போடத் தெரிந்த கையும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரியிலும் அங்கே இருக்க வேண்டும். ஆபரேஷன் முடியும்போதே மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற கிருமிக்கொல்லியைக் கண்ணுக்குள் செலுத்தினால் தொற்று வெகுவாகக் குறைகிறது என்று மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை லட்சக்கணக்கான கண்களில் காட்டியிருக்கிறது. இலவசக் கண்ணுக்கும் அதைப் போடுங்கள்.

முகாமுக்குக் கூட்டிப்போக வந்த அதே வேன், வலிக்கிறதென்று போன் அடித்த ராத்திரியும் வாசலுக்கு வர வேண்டும். வராதென்றால், ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்குள் நுழையாதீர்கள்.