எது முந்தி, எது பிந்தி?

நம்முடைய பொறியியற் கல்லூரிகளின் வினாத்தாள்களிலும், வேலைக்கு ஆள் எடுப்பதற்காகக் கம்பெனிகள் நடத்தும் எழுத்துத் தேர்வுகளிலும் ஒரு கேள்வி நெடுங்காலமாகக் குடியிருந்து வருகிறது. 'க' என்ற மாறியின் மதிப்பு 5 என்று வைத்துக்கொண்டு, சி மொழியின் பிரிண்ட்எஃப் கட்டளைக்குள் க, க++, ++க ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து எழுதி, அச்சாகும் எண்கள் யாவை என்று கேட்டு, கீழே கொடுத்த நான்கு விடைகளில் ஒன்றைப் பொறுக்கச் சொல்வது அதன் வழக்கமான ரூபம். க++ என்பது மாறியின் மதிப்பைக் கொடுத்துவிட்டு அதில் ஒன்றைக் கூட்டும். ++க என்பது கூட்டிவிட்டுக் கொடுக்கும். இடமிருந்து வலமாகக் கணக்கிட்டால் 5, 5, 7 வரும். வலமிருந்து இடமாகப் போனால் 7, 6, 6 வரும். பழைய டர்போ சி கம்பைலர் பிந்தியதைக் காட்டிய காரணத்தால் அதுவே பல இடங்களில் சாஸ்திரமாகிவிட்டது. சி மொழியின் நியமமோ இவ்விரண்டில் எதையும் விடையென்று ஒப்புக்கொள்வதில்லை. ஆகவே இக்கேள்வி சோதிப்பது மாணவனுடைய அறிவை அன்று, ஏதோ ஒரு கம்பைலரின் பழக்கத்தை அவன் நெட்டுருச் செய்திருக்கிறானா என்பதையே என்பது என் அபிப்பிராயம்.

பள்ளிக்கூடத்து அல்ஜீப்ராவில் அ + ஆ என்றாலும் ஆ + அ என்றாலும் ஒன்றுதான், ஏனென்றால் அங்கே ஒரு கோவையின் மதிப்பைக் காண்பதனால் உலகில் எதுவும் மாறிவிடுவதில்லை. கம்ப்யூட்டர் நிரலில் அந்த நிம்மதி கிடையாது. ஒரு வங்கிக் கணக்கில் 5,000 ரூபாய் இருக்கிறது. 1,000 ரூபாயை எடுத்து, எடுத்த தொகையைத் தெரிவிக்கும் ஒரு சார்பும், மீதி இருப்பைத் தெரிவிக்கும் மற்றொரு சார்பும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே வரியில் கூட்டச் சொல்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பணம் எடுப்பது முதலில் நடந்தால் 1,000 + 4,000 ஆக 5,000. இருப்பைப் பார்ப்பது முதலில் நடந்தால் 5,000 + 1,000 ஆக 6,000. மதிப்பைக் கொடுப்பதோடு நில்லாமல் மாறியையோ கோப்பையோ திரையையோ மாற்றிவிடும் இந்தக் குணத்தைத்தான் பக்க விளைவு என்கிறார்கள்.

பெருக்கல் கூட்டலுக்கு முந்தியது என்று படித்திருக்கிறோமே, அந்த விதி இங்கே கைகொடுக்காதா என்று கேட்கலாம். கொடுக்காது. அ + ஆ × இ என்ற கோவையில் பெருக்கலுக்கு உரியவை ஆவும் இயும் என்பதை மட்டுமே அந்த விதி சொல்கிறது. மூன்றும் சார்புகளாக இருந்தால், அவற்றுள் எதை முதலில் அழைப்பது என்பதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. அனுபவமுள்ள நிரலர்களிலும் இவ்விரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.

சி மொழி இந்தக் கிரமத்தை நிர்ணயிக்காமல் விட்டதற்கு அந்தக் காலத்து நியாயம் இருந்தது. 1972ஐ ஒட்டி பெல் ஆய்வுக்கூடத்தில் டெனிஸ் ரிட்சி அதை உருவாக்கிய பிடிபி-11 இயந்திரத்தில், கணக்கிடும்போது மதிப்புகளை வைத்துக்கொள்ளும் ரெஜிஸ்டர்கள் எட்டே. அவற்றிலும் இரண்டு வேறு காரியங்களுக்கு ஒதுக்கப்பட்டவை. ஒரு கோவையின் இரு பக்கங்களில் அதிக ரெஜிஸ்டர்களை வேண்டும் பக்கத்தை முதலில் கணக்கிட்டால் குறைந்த ரெஜிஸ்டர்களைக் கொண்டே காரியத்தை முடித்துவிடலாம் என்பதை ரவி சேத்தியும் ஜெஃப்ரி உல்மனும் 1970லேயே நிரூபித்திருந்தார்கள். அந்தச் சுதந்திரத்தைக் கம்பைலருக்கு அளித்தது லோபித்தனமன்று, சிக்கனம். (++ என்ற குறியே பிடிபி-11இன் அமைப்பிலிருந்து பிறந்தது என்று சொல்வார் உண்டு, கென் தாம்ஸன் தம் பி மொழியில் அதை வைத்தபோது அந்த இயந்திரமே வரவில்லை என்று ரிட்சி பிற்காலத்தில் தெளிவுபடுத்தியிருக்கிறார்.) சுதந்திரத்தோடு எச்சரிக்கையும் வந்தது. கெர்னிகனும் ரிட்சியும் சி மொழியைப் பற்றி 1978இல் வெளியிட்ட நூலில், ஒரு மாறியைக் கூட்டுவதையும் அதையே படிப்பதையும் ஒரே பிரிண்ட்எஃப் கட்டளைக்குள் எழுதிக் காட்டி, இது பிழை என்று குறித்தே வைத்தார்கள். நம் வினாத்தாள் ஆசிரியர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டாமலே தாண்டிவிட்டார்கள் போலும்.

இந்த நிச்சயமின்மையிலும் இரண்டு படிகள் உண்டு. மேலே சொன்ன வங்கிக் கணக்கில் 5,000, 6,000 ஆகிய இரண்டில் ஒன்று வந்தே தீரும்; எது என்பதுதான் நிச்சயமில்லை. ஆனால் ஒரே மாறியை ஒரே கோவைக்குள் கிரமம் வகுக்காமல் இருமுறை மாற்றினால், எந்த விடைக்கும் சி மொழி பொறுப்பேற்பதில்லை. கம்பைலர் எதை வேண்டுமானாலும் செய்யலாம்.

1995இல் வெளிவந்த ஜாவா இந்த விவகாரத்துக்கு இடமே வைக்காமல், எல்லாம் இடமிருந்து வலம் என்று விதித்துவிட்டது. மேற்படி கேள்வியை ஜாவாவில் கேட்டால் 5, 5, 7 என்ற ஒரே விடைதான், எந்த இயந்திரத்திலும். சி பிளஸ் பிளஸ் மொழிக்கு ஞானம் வரச் சற்று காலதாமதமாயிற்று. அதன் கர்த்தாவான பியார்ன ஸ்ட்ரூஸ்ட்ரூப் அம்மொழியைப் பற்றி எழுதிய நூலின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில், ஒரு வாக்கியத்திலுள்ள சொற்களை அடுத்தடுத்து மாற்றும்படி சங்கிலிபோல் எழுதிய உதாரணம் ஒன்று, நிபுணர் பலர் பார்வையிட்ட பின்பும், கிரமம் நிச்சயமில்லாத கோவையாகவே அச்சேறிவிட்டது. இதைச் சுட்டிக்காட்டி எழுந்த யோசனையின் பயனாக 2017ஆம் ஆண்டு நியமத்தில் அத்தகைய சங்கிலிகளுக்கும் வேறு சில கோவைகளுக்கும் கிரமம் வகுக்கப்பட்டது. ஆனால் சார்புக்குக் கொடுக்கும் உள்ளீடுகளில் எது முந்தி என்பது இன்றைக்கும் திறந்தே கிடக்கிறது.

கிரமத்தை விதித்தால் வேகம் குறையும் என்ற ஆட்சேபத்துக்கு இக்காலத்தில் நான் அதிக மதிப்புக் கொடுக்கமாட்டேன். பக்க விளைவு இல்லையென்று கம்பைலர் கண்டுகொள்ளும் இடங்களில், விதி எதுவாயினும், அது வரிசையை மாற்றிக்கொள்ளலாம். விளைவு உள்ள இடங்களிலோ, கிரமத்தின் நிச்சயத்துக்காகச் சிறிது வேகத்தை இழப்பது நஷ்டமாகாது. வேறு மார்க்கங்களும் இருக்கின்றன. ஹாஸ்கல் மொழி பக்க விளைவைக் கோவைகளிலிருந்து பிரித்துத் தனி வகையாக அடையாளமிட்டது. கோ மொழி ++ஐக் கோவைக்குள் நுழைய விடாமல் தனிக் கட்டளையாக்கியது. ஸ்விஃப்ட் 2016இல் அதை அடியோடு நீக்கிற்று.

இவ்வளவையும் வினாத்தாளில் அடக்க முடியாதுதான். ஆனால் அதே வரியைக் கொடுத்து, இதற்கு ஏன் விடை சொல்ல இயலாது, இதே கருத்தை நிச்சயமான விடை வருமாறு மூன்று வரிகளில் எழுதுவது எப்படி என்று கேட்கலாம். குறைந்தபட்சம், வினாத்தாளை அச்சுக்கு அனுப்புமுன் ஜிசிசி கம்பைலரில் எச்சரிக்கைகளை இயக்கிவிட்டு அந்த வரியை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். வரி எண்ணோடு அது ஆட்சேபத்தைத் தெரிவித்துவிடும்.